இரண்டு மிதி ஏற்றம்

தார் ரோட்டைக் கண்டால் மேப்புக்கு ஆகாது. தார் ரோட்டில் போவதற்குத்தான் பஸ் இருக்கிறதே, அதற்கு எதற்குச் சைக்கிள் என்பார். கால்வாய்க் கரை, காட்டிலாகா ஜீப் போய்ப் போய்ப் பதிந்த தடம், கைவிட்ட கல் குவாரிக்குப் போகும் சரளைப் பாதை, தண்டவாளத்தை ஒட்டியே ஓடும் மண் வழி என்று துண்டு துண்டாகக் கிடப்பதையெல்லாம் முடிச்சுப் போட்டு, வீட்டு வாசலில் ஏறினால் கடலில் போய் இறங்கும்படி ஒரு பாதை செய்துவிடுவார். பிழைப்பு என்னவோ கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பதுதான். ஆனால் ஊரில் இருக்கிற சைக்கிள் குழுவுக்கு அவர் மேப்பு அண்ணா. அந்தப் பட்டத்தை அவர் தலையில் வைத்துக்கொண்டு ஆடவில்லை என்று சொன்னால் அது பொய்.

வேலை இப்படி நடக்கும். கடை விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வெளிறிய கோடு எங்கே தெரிகிறது என்று தேடுவார். அந்தப் படத்தை உற்றுப் பார்க்கிற நேரத்தில் கால்வாசி தன் முகத்தைப் பார்த்திருந்தால் தான் இன்னும் கொஞ்சம் அழகாகவே இருந்திருப்பேன் என்பாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கோடு கிடைத்தால் போதாது. மேலிருந்து பாதை மாதிரி தெரிவது கீழே போய்ப் பார்த்தால் வறண்ட ஓடையாக இருக்கும், இல்லாவிட்டால் யாருடைய வயல் வரப்பாகவோ இருக்கும். அதனால் லீவு நாளில் கிளம்பிப் போய் மிதித்துப் பார்ப்பார். மணல் எங்கே, நாய் எங்கே, தண்ணீர் எங்கே, கூடாரம் போட இடம் எங்கே என்று குறித்துக்கொண்டு வருவார். மிதிக்காத பாதையை மேப்பில் போடுவதில்லை என்பது அவருடைய சட்டம்.

ஏற்றங்களுக்கு அவர் ஒரு அளவு வைத்திருந்தார். ஒரு மிதி என்றால் பேசிக்கொண்டே ஏறலாம். இரண்டு மிதி என்றால் பேச்சு நின்றுவிடும், சைக்கிள் நிற்காது. மூன்று மிதியில் கூட்டிக்கொண்டு வந்தவனைத் திட்டத் தோன்றும். நான்கில் பெற்றவர்களைத் திட்டத் தோன்றும். ஐந்து மிதி என்றால் மானம் பார்க்காமல் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அளக்கும் கருவி அவருடைய இரண்டு கால்கள். அவர் போட்ட எண்ணைக் குழுவில் எல்லோரும் ஜுரத்துக்கு வைக்கும் தெர்மாமீட்டரைப் போல நம்பினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு மிதிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் இருந்தது.

போன வருஷம் அவருடைய வலது முழங்கால் கையை விரித்துவிட்டது. உள்ளே இருக்கிற ஜவ்வு தேய்ந்துவிட்டது, சமதரையில் ஓட்டுங்கள், ஏற்றத்தை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மேப்பு அதை மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் கையில் வாழ்நாளிலேயே பெரிய பாதை ஒன்று பாதி வரைந்து கிடந்தது. ஊரிலிருந்து கடல்வரை, தார் படாமல், ஆறு நாள். சரி பார்க்கக் கிளம்பிய முதல் நாளே கால்வாய்க் கரையில் முழங்கால் பூட்டிக்கொண்டது. செங்கல் லாரியில், செங்கலோடு செங்கலாக உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார். டிரைவர் பரிதாபமாகப் பார்த்ததே மேப்புக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் சைக்கிள் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் பழைய சிநேகிதர். பின் சக்கரத்தின் நடுவில் சின்னதாக ஒரு மோட்டாரை வைத்து, பேட்டரியைச் சட்டத்தின் நடுவே தொங்கும் பைக்குள் ஒளித்துக் கொடுத்தார். வெளியே தெரியக் கூடாது என்று மேப்பு மூன்று தடவை சொன்னதும் மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் எத்தனையோ பேர் மாட்டிக்கொள்கிறார்கள், இதிலென்ன வெட்கம் என்று கேட்டார்.

"அவங்க யாரும் மேப் போடறதில்லையே" என்றார் மேப்பு.

ஆக, தெரியாமல் செய்தார் என்று சொல்ல வழியில்லை. பேட்டரி சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் துண்டால் மூடப்பட்டுச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. யாராவது அது என்னவென்று கேட்டால் தான் என்ன சொல்வது என்று மனைவி கேட்டாள். அவர் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார்.

வலிக்கும்போது மட்டும் மோட்டாரைப் போட்டுக்கொள்வது என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டுதான் மறுபடி கிளம்பினார். இரண்டாம் நாள், வலிக்கப்போகிறது என்று தோன்றும்போதெல்லாம் போட்டார். மூன்றாம் நாள் குவாரி ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வந்தபோது அது ஓடிக்கொண்டிருப்பதே அவருக்கு மறந்திருந்தது.

அது லேசுப்பட்ட ஏற்றம் இல்லை. வளைந்து வளைந்து போகும் சிவப்புச் சரளை. ஒவ்வொரு வளைவின் உள்பக்கமும் கல் உருளும். உச்சிவரை ஒரு மரம் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேப்பு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். உச்சியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும், என் கால் எங்கேயும் போய்விடவில்லை என்று நினைத்தார். அந்த நிமிஷத்தில் அவர் அதை மனதார நம்பினார்.

எண் போடும் இடம் வந்தபோது விரல் மூன்றுக்குத்தான் போயிற்று. மூன்று போட்டால், குழுவில் இன்னும் இரண்டு மிதியைத் தாண்டாத தன் அக்காவால் வர முடியாது. அதுமட்டும் இல்லை. காலுக்கு இரண்டாகத் தெரிந்ததற்கு ஒன்று கூட்டிப் போட்டால், எதற்காகக் கூட்டினாய் என்று தனக்குத் தானே பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு அவர் தயாராக இல்லை. இரண்டு என்று போட்டார்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் சூப்பர்வைசர். வார்டு வார்டாக வந்து குவியும் படுக்கை விரிப்புகள் அவள் கைப்படாமல் திரும்பிப் போகாது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை, அவளுக்கு அதில் பெருமை. இரண்டு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் வேலையிலும் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்தினார்கள். தூக்காதே, குனியாதே, ஏறாதே என்று ஆளாளுக்குச் சொல்ல, தம்பி ஒருவன்தான் கையில் சைக்கிளைக் கொடுத்தான். ஒரு மிதிப் பாதைகளையெல்லாம் முடித்தாள். இரண்டு மிதிகளையும் முடித்தாள். டாக்டர் போட்ட மருந்தைவிடத் தம்பி போட்ட நம்பர்தான் தன்னை எழுப்பி உட்காரவைத்தது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆறு நாள் பாதையில் இரண்டு மிதிக்கு மேல் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லி மேப்பு போகவில்லை. குழு ஆறாம் நாள் கடலைப் பார்த்தது. அக்கா மூன்றாம் நாளே ஒரு லாரியில் திரும்பி வந்துவிட்டாள்.

பயணம் முடிந்து வந்தவர்கள் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடை வாசலில் கூடினார்கள். மேப்பும் ஓரமாகப் போய் நின்றார். எல்லோரும் சேர்ந்து சட்டையைப் பிடிக்கப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தார். பிடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நடந்தது வேறு. அருமையான பாதை அண்ணா என்றார்கள். குவாரி ஏற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் பேங்க்காரர் தனக்கு அன்று லேசாகக் காய்ச்சல் இருந்தது, அதனால் கொஞ்சம் தள்ள வேண்டி வந்தது என்றார். டீச்சர் தன் கியர் மாறாமல் மக்கர் செய்ததைச் சொன்னாள். இன்னொருவருக்குப் புது ஸீட் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றொருவர் முந்தின நாள் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு மிதிதானே, மற்ற நாளாக இருந்தால் ஊதித் தள்ளியிருக்கலாம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டார்கள். அது இரண்டு மிதி இல்லை என்று சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் தோற்றோம் என்று நினைத்து அதை மறைத்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் மட்டும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டே ஒரு தரம் மேப்பு அண்ணாவை நிமிர்ந்து பார்த்தார். மேப்பு தரையைப் பார்த்தார்.

அக்கா வரவில்லை. அவரே அவள் வீட்டுக்குப் போனார். பால்கனியில் சைக்கிள் நின்றிருந்தது. ஹேண்டில்பாரில் இரண்டு துண்டும் ஸீட்டில் ஒரு தலையணை உறையும் காய்ந்துகொண்டிருந்தன. ஊர் ஆஸ்பத்திரித் துணியையெல்லாம் டிரையரில் போடுகிறவளுக்கு வீட்டில் கொடி இதுதான் என்று அக்காவே சிரித்தாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லடா. ரெண்டுதானே, ஏறிடலாம்னு பெருமைக்கு எல்லாருக்கும் முன்னாடி வேகமா போனேன். பாதியிலேயே கண்ணு இருட்டிடுச்சு. ரோட்டோரமா உக்காந்துட்டேன். டீச்சர்தான் விசிறிவிட்டா."

"இன்னொரு தடவ போய்ப் பாக்கலாம்கா."

"ரெண்டே ஏறல. இன்னும் என்னத்தப் போய்ப் பாக்கறது? கத்தி பட்ட உடம்பு, அவ்வளவுதான். டாக்டர் சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

அதோடு நிற்கவில்லை. சலவைப் பகுதி இனிமேல் தனக்குச் சரிப்பட்டு வராது என்று, டோக்கன் கவுண்டரில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கேட்டிருக்கிறாளாம். அடுத்த மாதம் முதல் தேதி மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மேப்பு டீ டம்ளரைக் கீழே வைத்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. அக்கா எழுந்து, இன்னும் கொஞ்சம் டீ ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஊற்று என்றார். சொல்ல வந்ததை அந்த டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு வீடு திரும்பினார். படியிறங்கும்போது முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது அவருக்கு.

அந்த வாரம் நல்ல மழை. மேப்புக்கு ஒரு யோசனை தோன்றியது. கோழைகளுக்கு யோசனைக்கா பஞ்சம்? குவாரி ஏற்றத்துக்கு இரண்டை எடுத்துவிட்டு நான்கு என்று போட்டார். மழையில் பாதை அரித்துப்போனதால் மாற்றம் என்று கீழே ஒரு குறிப்பும் எழுதினார். குழுவில் எல்லோரும் நன்றி சொன்னார்கள். எண் சரியாகிவிட்டது, யாருக்கும் நஷ்டம் இல்லை, அக்காவும் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை.

"நாங்க போனப்ப மழையே இல்லையேடா. பாதை நல்லாத்தான் இருந்துது. எனக்காகத்தானே நம்பர மாத்தின?"

அவர் இல்லை என்றார். அது எப்படி இல்லை என்று விளக்க அவரால் முடியவில்லை.

"நீ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். நான் அழுதா உன் பொம்மைய உடைச்சுக் காட்டுவ. ஆனா என்னப் பாத்துப் பரிதாபப்பட்டு மேப்ப மாத்தற அளவுக்கு நான் ஆயிட்டேனே, அதான் கஷ்டமா இருக்கு. விடு. ஒண்ணாந்தேதி வரைக்கும் எதுக்கு, இப்பவே மாத்திக் குடுங்கன்னு கேட்டுட்டேன்."

போனை வைத்த பிறகு மேப்புக்குத் தன் முகத்தைத் தன் கையாலேயே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. நேர்மையானவன், பாசக்காரன் என்று அவள் நம்புவதுதான் தாங்க முடியவில்லை. மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி, இதை என்னிடம் வந்து சொல்வதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார். சலவைப் பகுதி கீழ்த்தளத்தில் இருந்தது. படியிறங்கும்போதே ஆவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. ஆள் உயர மெஷின்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. அக்கா நீளமான மேஜைக்குப் பக்கத்தில் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. வந்தவனைச் சும்மா நிற்கவிடுவது அவள் வழக்கம் இல்லை. விரிப்பின் ஒரு முனையைக் கையில் திணித்து, அந்தப் பக்கம் போய் இழுத்துப் பிடி என்றாள்.

இரண்டு பேரும் விரிப்பை இழுத்து, உதறி, நீளவாக்கில் மடித்து, நெருங்கி வந்தார்கள். அக்கா முனைகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அடுத்த விரிப்பு. அதுவும் முடிந்தது. மூன்றாவதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நெருங்கி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"அக்கா, அந்த ஏத்தத்த நான் மிதிக்கல."

"பின்ன யாரு மிதிச்சா?"

"மோட்டார். சைக்கிள்ல மோட்டார் வெச்சிருக்கேன். முட்டி போயிடுச்சு, யார்கிட்டயும் சொல்லல. அது இழுத்துட்டுப் போச்சு. எனக்கு ரெண்டுன்னு தோணிச்சு, ரெண்டுன்னு போட்டுட்டேன். மழைன்னு எழுதினதும் பொய்தான்."

மெஷின் சத்தத்தில் கேட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா விரிப்பை விடாமல் நெருங்கி வந்தாள். முனைகளை வாங்கிக்கொள்ளாமல் அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அப்ப அது ரெண்டு இல்லையா?"

"இல்ல. நாலா இருக்கும். சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"கண்ணாடி முன்னாடி நின்னு என் வயித்தத் திட்டினேன்டா. வெக்கமில்லாத வயிறேன்னு வாய்விட்டுத் திட்டினேன். அதுபாட்டுக்கு நல்லா இருந்த உடம்ப."

மன்னித்துவிடு என்ற வார்த்தை மேப்புக்கு அந்த இடத்தில் மிகவும் சின்னதாகத் தெரிந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தள்ளுவண்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைக் கண்ணால் காட்டினாள். புது சூப்பர்வைசர் அவள்தானாம். ஆர்டர் காலையிலேயே வந்துவிட்டதாம். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த பதவி, வீட்டில் எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டாளாம்.

"திருப்பிக் கேளுக்கா. நான் வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

"அவ மூஞ்சியப் பாத்துட்டு எப்படிடா கேப்பேன்? மழைன்னு எழுதினியே, அன்னைக்கு இத எழுதியிருந்தா..." அக்கா அதை முடிக்கவில்லை. அவர் கையிலிருந்து முனைகளை வாங்கி மடித்து அடுக்கின்மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு தரம் நீவிவிட்டாள். "எனக்கு மட்டும் சொன்னா போதாது. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லு. நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை சொன்னார். சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்தி, பையைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்து ஸ்டூல்மேல் வைத்துவிட்டுச் சொன்னார். காது மடல் சுட்டது. யாரையும் நிமிர்ந்து பார்க்கும் தெம்பு இல்லை. சொல்லி முடித்ததும் பேங்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்ல" என்றார்.

கடை வாசலே சிரித்தது. டீச்சர் தன் கியர் அன்று அருமையாக வேலை செய்தது என்றாள். புது ஸீட்காரரும் தூங்காதவரும் அடுத்தடுத்து ஒப்புக்கொண்டார்கள். எவ்வளவு நாளாயிற்று இப்படி மனம்விட்டுச் சிரித்து என்றார்கள். இதற்குப் போய் ஏன் அண்ணா இவ்வளவு வருத்தம் என்று முதுகில் தட்டினார்கள். இரண்டு பேர் அந்த மோட்டாரைக் குனிந்து பார்த்துவிட்டுத் தங்களுக்கும் மாட்டித்தர முடியுமா என்று மெக்கானிக்கிடம் மெதுவாக விசாரிக்கவும் செய்தார்கள். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதில் மேப்புக்கும் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. அப்போது அக்காவைப் பார்த்தார். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. ஓரமாகக் குந்தித் தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். மேப்பு நொண்டிக்கொண்டே போய்ப் பக்கத்தில் நின்றார். தான் அடிக்கிறேன் என்று கை நீட்டினார். அவள் பம்பைக் கொடுக்கவில்லை.

"கவுண்டர் வேலைக்குச் சனிக்கிழமை லீவு" என்றாள். "குவாரி வரைக்கும் பஸ்ல சைக்கிளப் போட்டுட்டுப் போறோம், நானும் டீச்சரும்."

"நானும் வரேன்கா. கீழயே நிக்கறேன்."

"நீ வேண்டாம். நம்பர நானே போட்டுக்கறேன்."

சனிக்கிழமை முழுக்க மேப்பு கடையில்தான் இருந்தார். போனை லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். யாருக்கோ போக வேண்டிய ஒரு லென்ஸைக் கோணலாகத் தேய்த்துக் கெடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ஏற்றத்தில் ஒரு மரம்கூட இல்லை என்பது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அதை மேப்பில் எழுதியிருந்தோமா என்று பார்த்தார். எழுதவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு போனவனுக்கு மரம் எதற்கு?

சாயங்காலம் கடையைப் பூட்டும் நேரத்தில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. நாலு, என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: ஆறு எடத்துல நின்னேன், இறங்கித் தள்ளல.

மேப்பு அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். சபாஷ் அக்கா என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். சபாஷ் சொல்ல நான் யார் என்று தோன்றியது. ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, மேப்பைத் திறந்து, குவாரி ஏற்றத்துக்குப் பக்கத்தில் மிதித்துப் பார்த்தவர் என்று இருந்த இடத்தில் தன் பெயரை எடுத்தார். அங்கே அக்கா பெயரைப் போட்டார்.